ஈரம் கசிந்த பொட்டலம்

எனக்கு வந்திருப்பது பெரும்பாலும் பெண்களுக்கு வரும் நோய் என்று டாக்டர் சொன்னார். பூச்சந்தையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆண்களுக்கு வருவது அபூர்வமாம். எனக்கு வந்துவிட்டது. பெயர் லூபஸ். உடம்புக்குக் காவலாக உள்ளே இருப்பது, உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்குமாம். ஏன் என்று கேட்டேன். தெரியாது என்றார். அதுவரை நான் பார்த்த டாக்டர்களில் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அதனால் அவரிடமே தொடர்ந்து போனேன்.

சங்கரன்கோவில் பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. காலையில் கூடை கூடையாகப் பூ வரும். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். இந்த நோய்க்கு வெயில் ஆகாது. அந்த வகையில் தொழில் தோதுதான். விரல்கள்தான் தோதாக இல்லை. எழுந்ததும் மடங்காது. மடங்கினால் விரியாது. மூக்கின் மேலும் இரண்டு கன்னத்திலும் சிவந்து தடித்திருக்கும்.

ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். வலி குறைந்தது. முகம் ஊதியது.

"அண்ணாச்சி, பூரிச்சுப் போய்ட்டீரே வே. வீட்டுல என்ன, தினமும் கறியா?" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"மாத்திரை" என்றேன்.

"எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வாரும்."

சில வருஷம் போனது. இடுப்பில் வலி தொடங்கியது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். இதே அளவில் மாத்திரை போனால் இடுப்பு எலும்பு கெட்டுவிடும், குறைத்தாக வேண்டும் என்றார். குறைத்தார். விரல்கள் பூட்டிக்கொண்டன. மறுபடி கூட்டினார். கூட்டினால் இடுப்பு போகும். குறைத்தால் கை போகும். கூடையைத் தூக்கித் தராசில் மாட்டுகிறவனுக்கு இரண்டும் வேண்டும். இப்படியே எவ்வளவு நாள் ஓட்டுவது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

அந்த டாக்டரைப் பார்க்கப் போகும் திருநெல்வேலி ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். கடையநல்லூர்க்காரி. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். அவளுக்கும் இதே நோய். அவளுக்கு அது சிறுநீரகத்தில் இறங்கியிருந்தது. வரிசையில் உட்கார்ந்தால் எல்லோரும் போனில் படம் பார்ப்பார்கள். அவள் நோயைப் பற்றிப் படிப்பாள்.

"அண்ணே, ட்ரையல்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"புது மருந்து. கடைக்கு வர்றதுக்கு முன்ன ஆளுகளுக்குக் குடுத்துப் பார்ப்பாங்க."

"எந்த ஆளுக்கு?"

"நம்மள மாதிரி சீக்கு உள்ள ஆளுக்குத்தான். பின்ன உங்க சந்தையில இருக்க பூவுக்கா குடுப்பாங்க?"

போனைக் காட்டினாள். அரசாங்கத்தின் இணையப் பக்கமாம். இந்த நாட்டில் எங்கே மருந்து ஆய்வு நடந்தாலும் அதில் பதிய வேண்டுமாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எல்லாம் ஆங்கிலம். அவள் படித்துத் தமிழில் சொன்னாள். எந்த நோய், எந்த ஊர், யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், இன்னும் ஆள் எடுக்கிறார்களா, முடித்துவிட்டார்களா. லூபஸ் என்று போட்டுத் தேடினால் வந்ததில் பாதிக்கு மேல் முடிந்துபோனவை. மிச்சம் தூரத்து ஊர்கள். ஒன்று மட்டும் மதுரை.

"நான் போன் போட்டேன் அண்ணே. எனக்கு வாசல்லயே இல்லன்னுட்டாங்க. கிட்னி இந்த அளவுக்குப் பாதிச்சவங்கள இதுல எடுக்க மாட்டாங்களாம். உங்களுக்கு மூட்டும் தோலும்தானே? அப்ப உங்களைத்தான் தேடுதாங்க."

என்னை ஒருவர் தேடுகிறார் என்பது புதிதாக இருந்தது. தனக்குக் கதவு அடைத்த இடத்துக்கு அவள் எனக்கு வழி சொன்னாள். நம்பரைக் குறித்துத் தந்தாள்.

டாக்டரிடம் கேட்டேன். போய்ப் பாருங்கள் என்றார். பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக நான் உங்களைப் பார்க்காமல் இருக்க மாட்டேன் என்றார். பழைய பரிசோதனைகளைச் சேர்த்துக் கொடுத்தார்.

சந்தையில் சொன்னேன்.

"எலிக்குக் குடுத்துப் பார்க்கதை உமக்குக் குடுக்கப் போறானா?" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"எலிக்குக் குடுத்து முடிச்சாச்சாம்."

"எலி என்ன சொல்லிச்சாம்?"

அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மதுரையில் முதலில் அதைத்தான் கேட்டேன்.

செங்கோட்டை ரயிலில் நானும் மனைவியும் போனோம். ஆய்வைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எனக்கு மகள் இல்லை. இருந்தால் அந்த வயது. என் கேள்விக்கு அவள் சிரிக்கவில்லை. விலங்குகளில் பார்த்தாயிற்று, நோய் இல்லாதவர்களில் பார்த்தாயிற்று, நோய் உள்ள கொஞ்சம் பேரிடமும் பார்த்தாயிற்று, இப்போது நிறையப் பேரிடம் பார்க்கிறோம் என்றாள். என்ன கெடுதல் வரலாம் என்றும் சொன்னாள். காய்ச்சல், சளி, கிருமித் தொற்று. பெரிதாகவும் வரலாம். வந்தால் அவர்கள் வைத்தியம் பார்ப்பார்கள்.

"ஐயா, இன்னொண்ணு இருக்கு. சேர்ற எல்லாருக்கும் மருந்து கிடைக்காது. பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு மருந்து இல்லாத வெறும் சலைன். ரெண்டும் டிரிப்ஸ்ல ஏத்துவோம். பார்க்க ஒண்ணு போல இருக்கும். நீங்க இப்பச் சாப்பிடுற மாத்திரையும் கூடவே நடக்கும்."

"எனக்கு எதுன்னு யார் சொல்லுவா?"

"கம்ப்யூட்டர் எடுக்கும். உங்களுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

நடைபாதையின் கோடியில் ஒரு மூடிய கதவைக் காட்டினாள். உள்ளே மருந்து கலக்குகிறவர் இருக்கிறார். அவருக்கு மட்டும் தெரியும். அவர் நோயாளிகளைப் பார்க்க மாட்டார்.

"பூக்கட்டிப் பார்க்கது மாதிரி" என்றாள் என் மனைவி.

எங்கள் பக்கம் ஒரு காரியத்தில் முடிவு தெரியவில்லை என்றால் கோவிலில் அப்படிச் செய்வோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டும் ஒரே மாதிரி கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது என்று மனசில் நினைத்துக்கொள்ள வேண்டும். விஷயம் தெரியாத யாராவது ஒருவரை எடுக்கச் சொல்ல வேண்டும்.

"அதே மாதிரிதான்மா" என்றாள் அந்தப் பெண். "ஆனா இங்க பொட்டலத்தைப் பிரிக்க மாட்டோம். ஆய்வு முடியுற வரைக்கும்."

காகிதங்களை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். தமிழில்தான் இருந்தது. அவசரப்பட வேண்டாம் என்றாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான் அசந்தபோது மனைவி படித்தாள். அடுத்த தடவை போய்க் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் சொன்னதையும் நான் கேட்டதையும் வீடியோ எடுத்தார்கள். யாரும் வற்புறுத்தவில்லையே என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதன் பிறகுதான் என்னைச் சேர்க்கலாமா என்று சோதித்தார்கள். அங்கேதான் பிசகினேன்.

"ஐயா, பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்க முடியாத வலி. போன வாரம் பூரா உங்க வலி எவ்வளவு?"

"ரெண்டு" என்றேன்.

"காலையில விரல் எவ்வளவு நேரம் விறைப்பா இருக்கு?"

"கொஞ்ச நேரம்."

"வேலை செய்ய முடியுதா?"

"செய்யுதேன்."

அவள் அங்கிருந்த ஆய்வு டாக்டரைப் பார்த்தாள். நோய் ஓரளவு முனைப்பாக இருந்தால்தான் இந்த ஆய்வில் எடுக்க முடியும், அடங்கியிருந்தால் எடுக்க முடியாது என்றார் டாக்டர். நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"எங்க எந்திரிக்கிய? உக்காருங்க" என்றாள் மனைவி. "ரெண்டாமில்ல ரெண்டு! டாக்டர், இவுக சட்டைக்குப் பட்டன் போடுதது நான். சோத்துத் தட்டை ரெண்டு கையாலயும் பிடிக்காக. தராசுக் கொக்கியில கூடையை மாட்டும்போது பல்லைக் கடிக்கத நான் பார்த்திருக்கேன். கேட்டா ஒண்ணுமில்லம்பாக. காலு ஒடிஞ்சாலும் ஒண்ணுமில்லம்பாக."

"அம்மா, நீங்க சொல்லக் கூடாது. அவர்தான் சொல்லணும்" என்றாள் அந்தப் பெண். என் பக்கம் திரும்பினாள். "கூட்டியும் சொல்லாதீங்க. குறைச்சும் சொல்லாதீங்க. உள்ளதைச் சொல்லுங்க ஐயா. இதுக்கு மார்க் கிடையாது."

எனக்கு உள்ளது எது என்று தெரியவில்லை. வலியை யாரும் எடை கேட்டதில்லை. டாக்டர் என் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. வேர்த்துவிட்டது. எது எது வீங்கியிருக்கிறது என்று அவர் தடவிப் பார்த்துச் சொல்ல, அவள் பதிந்தாள்.

"இப்பச் சொல்லுங்க" என்றார்.

"ஏழு இருக்கும்" என்றேன்.

ரத்தமும் அதையே சொன்னது. காசநோய்ச் சோதனையும் செய்தார்கள். அது இல்லை. சில வாரம் கழித்து, எடுத்துக்கொண்டோம் என்று போன் வந்தது. மாதம் ஒருமுறை போக வேண்டும். மருந்தும் சோதனையும் இலவசம். ரயில் செலவும் அவர்களுடையது. "எலிக்கு டிக்கெட் எடுத்துக் குடுக்கானா!" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

முதல் டிரிப்ஸ் அன்று எனக்குப் பயம் இல்லை. பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. கூடைமேல் ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்தாலும் உள்ளே மல்லியா பிச்சியா, நேற்றைய பூவா இன்றைய பூவா என்று சொல்லிவிடுவேன். இதையும் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். பையின் மேல் ஒரு உறை மாட்டியிருந்தது. நிறம் தெரியவில்லை. குழாயில் இறங்கியது தெளிந்த தண்ணீர் போல இருந்தது. வாசனை இல்லை. கையில் ஏறும்போது குளிர்ந்தது. தண்ணீரும் குளிரும். நாக்கில் கசப்பு ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன். காலையில் குடித்த காப்பிதான் வந்தது. கட்டினவன் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். கதவு மூடியே இருந்தது. போகும்போதும் வரும்போதும் அந்தக் கதவைப் பார்த்தேன்.

இரண்டாவது டிரிப்ஸும் முடிந்தது. விரல்கள் அப்படியேதான் இருந்தன.

"ஒண்ணும் காணலயே" என்றாள் மனைவி.

"மாசக் கணக்காகும்னு சொல்லியிருக்காங்க."

"தண்ணியா இருந்தா வருசமானாலும் ஆகாது."

அவள் மனசு நிற்கவில்லை. தெருக்கோடியில் அம்மன் கோவில் இருக்கிறது. பூக்கட்டிக் கேட்டுவிடலாம் என்றாள். வெள்ளை வந்தால் மருந்து. சிவப்பு வந்தால் தண்ணீர். நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம், எங்கள் வீட்டில்.

"வாசனை இல்லாத பூவாக் கொண்டாங்க. மல்லியைக் கொண்டாந்தா குருடன்கூடச் சொல்லிருவான்" என்றாள்.

வெள்ளரளியும் செவ்வரளியும் கொண்டுபோனேன். பூசாரி கருவறைக்குப் பின்னால் போய்க் கிழித்த செய்தித்தாளில் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். தட்டில் வைத்தார். ஒரே அளவு. ஒரே மடிப்பு. ஆனால் ஒரு பொட்டலத்தின் அடியில் தாள் லேசாகக் கறுத்திருந்தது. ஈரம். அன்று பனவடலிசத்திரத்திலிருந்து வந்த செவ்வரளிக்குத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வாடாமல் இருக்கவும் தெளிப்பார்கள், எடைக்கும் தெளிப்பார்கள். வெள்ளரளி காய்ந்த கூடையில் வந்தது. ஈரப் பொட்டலம் சிவப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஒரு பெண் விளக்குப் போட வந்தாள். பூசாரி அவளைக் கூப்பிட்டார்.

"தாயி, இதுல ஒண்ணை எடுத்துக் குடு."

அவள் தட்டைப் பார்த்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள். ஈரப் பொட்டலத்தை எடுத்தாள்.

பூசாரி பிரித்தார். சிவப்பு.

வீடு வந்ததும் மனைவி சொன்னாள்.

"அடுத்த மாசம் போக வேண்டாம்."

"ஏட்டி..."

"வெறும் தண்ணிக்கா மதுரைக்கு அலையுதிய? இடுப்பு வேற போய்க்கிட்டு இருக்கு. அந்த நேரத்துல வேற வைத்தியம் பார்க்கலாம்."

"தண்ணி வாங்குதவனும் வேணும்ட்டி. வெறுங்கூடையை நிறுத்தாத்தானே பூ எவ்வளவுன்னு தெரியும்?"

"நீங்க கூடையா?"

"கூடையா இருந்துட்டுப் போறேன்."

"எனக்குக் கூடை வேண்டாம். எனக்கு ஆள் வேணும்" என்றாள். அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அடுக்களை வாசலில் போய் நின்று சொன்னேன்.

"எதுல எதுன்னு எனக்கு முன்னாலயே தெரிஞ்சு போச்சு. தாள் ஈரமா இருந்துச்சு. தெரிஞ்சா அது பூக்கட்டு இல்ல."

"எடுத்தது நீங்க இல்லையே. எடுத்தவளுக்குத் தெரியாதுல்லா?"

அதுவும் சரிதான். மறுபடி ஒருமுறை கேட்கலாமா என்றேன். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான், சாமியைச் சோதிக்கக் கூடாது என்றாள்.

கடையநல்லூர்ப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவளுக்குச் சொல்லாமல் விலகக் கூடாது என்று பட்டது. முழுவதும் கேட்டாள்.

"விலகணும்னா விலகலாம் அண்ணே. அது உங்க இஷ்டம். யாரும் கேக்க முடியாது" என்றாள். அப்புறம், "டாக்டருக்கும் ஏன் சொல்லதில்லன்னு தெரியுமா?" என்றாள்.

"சொல்லு."

"அவருக்குத் தெரிஞ்சா அவரு மூஞ்சி மாறும். மருந்து வாங்குதவனைப் பார்த்துச் சிரிப்பாரு. தண்ணி வாங்குதவனைப் பார்த்துப் பாவம்னு நினைப்பாரு. நமக்கு அது போதுமாம். சிரிச்சா நல்லாருக்குன்னு சொல்லிருவோமாம். தெரிஞ்சவன் பக்கத்துலயே நிக்கக் கூடாதாம்."

போனை வைத்த பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கோவிலில் தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் நின்றான். நான்தான். விளக்குப் போட வந்த பெண் எங்கள் முகத்தைப் பார்த்தாள். அப்போது நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? ஈரப் பொட்டலத்தை. அது வந்துவிடக் கூடாதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வியாபாரம் முடிந்ததும் சுமை தூக்குகிற ஒருவரைக் கூப்பிட்டேன். இரண்டு பொட்டலம் கட்டி வைத்தேன். ஒன்றில் வாடாமல்லி. ஒன்றில் கேந்தி. கேந்தியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணை எடும்."

"எதுக்கு வே?"

"எடும்னா எடும்."

கேந்தியை எடுத்தார். மறுபடி கட்டி வைத்து வாடாமல்லியைப் பார்த்தேன். வாடாமல்லியை எடுத்தார். அப்புறம் கேந்தியைப் பார்த்தேன். வாடாமல்லியை எடுத்தார்.

"ஏம்வே, மாத்தி எடுத்தீரு?" என்றேன்.

"நீரு முறைச்ச முறையில அதுக்குள்ள தேள் கிடக்கோன்னு பயந்துட்டேன்" என்றார்.

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சிக்கு மதுரை மருந்து தலைக்கு ஏறிட்டு" என்றார்.

இது போதாது என்று தெரிந்தது. வீட்டுக்குப் போனேன். மனைவி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் இரண்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். ஒன்றின் அடியில் ஒரு புளியங்கொட்டை.

"எதுல இருக்கு?"

"இது என்ன விளையாட்டு, இந்த வயசுல?"

"சொல்லு."

தொட்டாள். சரி. அவளைத் திரும்பச் சொல்லிவிட்டு மாற்றி வைத்தேன். மறுபடி சரி. இன்னொரு தடவை. சரி. நான் டம்ளரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். அப்போதும் சரி.

"எப்படிட்டி தெரியுது?"

"உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான். நீங்க வாயைத் திறந்தா ரெண்டு வார்த்தை. பின்ன நான் எதைப் பார்த்துக் குடும்பம் நடத்த?"

பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவளையும் மூடச் சொன்னேன். டம்ளர்களை இழுத்து இழுத்து மாற்றினேன். எதில் இருக்கிறது என்று எனக்கே தெரியாத அளவுக்கு மாற்றினேன்.

"இப்பச் சொல்லு."

என் முகத்தைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். ஒன்றைத் தொட்டாள். தப்பு. மறுபடி செய்தோம். சரி. அப்புறம் தப்பு. அப்புறமும் தப்பு. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கத்தரிக்காயைத் தள்ளி வைத்துவிட்டு நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் அதையே செய்துகொண்டிருந்தோம். சோறு குழைந்துபோனது.

கடைசியில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கோயில்ல நீங்க எதைப் பார்த்துக்கிட்டு நின்னிய?"

"செவப்பை."

"ஏன்?"

"வந்துரக் கூடாதுன்னு."

புளியங்கொட்டையை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டாள். சோற்றை இறக்கினாள். பரிமாறும்போது சொன்னாள்.

"அப்ப அதை எடுத்தது அம்மன் இல்ல. உங்க மூஞ்சி."

"எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல" என்றாள். "அம்மனாவும் இருக்கலாம். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா மதுரைக்கு நானும் வாரேன். அந்தப் பிள்ளைகிட்ட ஒண்ணு கேக்கணும். அது சரியாச் சொல்லலன்னா அன்னைக்கே திரும்பிருவோம்."

மதுரையில் அந்தப் பெண் நாற்காலி எடுத்துப் போட்டாள். மனைவி உட்காரவில்லை.

"ஏம்மா, கோயில்ல பூக்கட்டிக் கேட்டோம். இவுகளுக்கு என்ன வந்துச்சுன்னா..."

அந்தப் பெண் பட்டென்று கையை நீட்டித் தடுத்தாள்.

"அம்மா, என்கிட்ட சொல்லாதீங்க. சாமி சொன்னதா இருந்தாலும் சொல்லாதீங்க. எது ஏறுதுன்னு எனக்கு ஒரு நினைப்பே வரக் கூடாது."

சிரிக்காமல்தான் சொன்னாள். மனைவிக்கு அது பிடித்துவிட்டது என்று தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரி, சொல்லல. நீ ஒண்ணு சொல்லு. உள்ள இருந்து கலக்குதாரே, அவரு இவுகளைப் பார்ப்பாரா?"

"மாட்டாரும்மா."

"உன்னை?"

"பார்ப்பாரு. ஆனா இதைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாரு. உறை போட்ட பையை வெளிய வச்சுட்டுக் கதவைச் சாத்திருவாரு. அதுக்கப்புறம்தான் நர்ஸ் எடுப்பாங்க."

"சாப்பிடும்போது? ஒண்ணா உக்காந்து சாப்பிட மாட்டீங்களா?"

"அவர் வேற நேரம், வேற இடம்."

"டாக்டர் மூஞ்சியை அவரு பார்ப்பாரா?"

"ஏன்மா இவ்வளவு கேக்குறீங்க?"

"பையை எடுத்துட்டு வர்ற பிள்ளைக்கும் தெரியாதே? உறையில ஈரம் கசியாதே?"

அந்தப் பெண் யோசித்தாள். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்றாள். கசியாது என்றாள். காலியான உறை ஒன்றைக் கொண்டுவந்து மனைவி கையில் கொடுத்தாள். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"நம்ம பூசாரியை விட நல்லாக் கட்டுதாக" என்று என்னிடம் சொன்னாள். பிறகு உட்கார்ந்தாள்.

அன்று மூன்றாவது டிரிப்ஸ் ஏறியது.

இப்போது பல மாதம் ஆகிவிட்டது. மாத்திரையைச் சிறிது குறைத்திருக்கிறார்கள். விரல்கள் பூட்டிக்கொள்ளவில்லை. சட்டைப் பட்டனில் மேலே இருப்பதை நானே போடுகிறேன். கீழே உள்ளதை இன்னும் அவள்தான் போடுகிறாள். முகத்தின் சிவப்பு ஒரு மாதம் குறைகிறது, ஒரு மாதம் வருகிறது. இது மருந்தால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் வாங்கினவர்களிலும் சிலருக்குக் குறையும் என்று சொல்லியிருக்கிறார்கள். மனைவி இன்னும் அம்மனை விட்டுக்கொடுக்கவில்லை. "தண்ணிக்கே இவ்வளவுன்னா மருந்து குடுத்தா என்ன ஆகும்!" என்கிறாள். ஆய்வு முடிந்த பிறகு விரும்பியவர்களுக்கு அசல் மருந்தே கொடுப்பார்களாம். எனக்கு எது ஏறியது என்று சொல்லவும் செய்வார்களாம். அதைக் கேட்கத்தான் எனக்கு அதிக ஆசை. கடையநல்லூர்ப் பெண்ணும் அதற்காகக் காத்திருக்கிறாள். சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு என்று வேறு ஒரு ஆய்வு அந்த இணையப் பக்கத்தில் வந்திருக்கிறதாம். இன்னும் ஆள் எடுக்கத் தொடங்கவில்லை. தினமும் பார்க்கிறாளாம்.

"போனா என்ன கேப்பாங்க அண்ணே?" என்று கேட்டாள்.

"வலியை எடை போட்டுச் சொல்லச் சொல்லுவாங்க. குறைச்சுச் சொல்லிராத."

மனைவி ஒவ்வொரு மாதமும் கூட வருகிறாள். டிரிப்ஸ் ஏறும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வாள். கேட்டால், "எனக்கும் தெரிய வேண்டாம்" என்பாள். கீழே பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன தடவை மதுரையில் அந்தப் பெண் வழக்கம்போலக் கேட்டாள்.

"போன வாரம் பூரா, பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள, உங்க வலி எவ்வளவு ஐயா?"

பழக்கத்தில் மனைவியைப் பார்த்தேன். அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. விரல்களை மடக்கினேன். விரித்தேன். போன வாரத்தை ஒவ்வொரு காலையாக நினைத்துப் பார்த்தேன். கூடையைத் தூக்கியது, பட்டன் போட்டது, தட்டைப் பிடித்தது. அந்தப் பெண் காத்திருந்தாள்.

"நாலு" என்றேன்.

மனைவியின் தலை லேசாக அசைந்தது. திரும்பத்தான் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

"நாலா?" என்றாள் அந்தப் பெண்.

"நாலுதான்" என்றேன்.